பாலிக் புலாவ் பக்கம் காடு மண்டிய நிலம் இருக்கிறதா? ஆள் கூப்பிடும் முன் இதைப் படியுங்கள்

அப்பா காலமாகி ஆறு வருஷம் கழித்து, பினாங்குத் தீவின் பாலிக் புலாவ் மலைச்சரிவில் அவர் வாங்கிப் போட்டிருந்த 3 ரெலோங் (ஏறக்குறைய 2 ஏக்கர்) நிலத்தைப் பார்க்கப் போனேன். நிலம் கண்ணில் படவே இல்லை. இடுப்பு உயரத்துக்கு ரெசாம் என்கிற காட்டுப் பெரணி, அடிவாரத்தில் லாலாங் புல், மரங்கள் மேல் போர்வை போர்த்திய மாதிரி ஒரு கொடி. அவர் கையால் நட்ட ஜாதிக்காய் மரங்கள் எங்கே நிற்கின்றன என்று தேடிக் களைத்துத் திரும்பினேன்.

ஒரு வாரத்துக்குள் ஆள் பிடித்தேன். வாட்சப்பில் நாலு படம் அனுப்பினேன், விலை வந்தது, சரி என்றேன். எக்ஸ்கவேட்டர் ஏறியது. இரண்டே நாளில் கீழ் ஒரு ரெலோங்கை வழித்துச் சிவப்பு மண்ணாக்கிவிட்டு இறங்கியது. பார்க்க அவ்வளவு சுத்தமாக இருந்தது, எனக்குச் சந்தோஷம்தான். அது ஆகஸ்ட். அக்டோபர் மழைக்குப் பிறகு கீழ் நிலத்துக்காரர், எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர், என்னைக் கூப்பிட்டு அவர் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். மேலே ஓடையிலிருந்து குழாய் போட்டு, மூன்று தலைமுறையாக அவர்கள் புழங்கிய தொட்டி. குழாய் வாய் வரைக்கும் சிவப்புச் சேறு. அதில் எங்கள் நிலத்துக் கொடியின் வேர்த் துண்டுகள் மிதந்தன. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மீதி 2 ரெலோங்கை அடுத்த வருஷம் வேறு ஆட்களை வைத்து, வேறு மாதிரி செய்தேன். இரண்டு அனுபவத்தையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அப்பா அம்மா விட்டுப்போன நிலமோ, ஓய்வுக்காலத்துக்கு என்று புதிதாக வாங்கிய டுரியான் தோட்டமோ, சரிவான இடத்தில் காடு மண்டிக் கிடந்தால் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக.

முதலில் கிராண்ட்டை எடுங்கள்

கத்தி கடைசியில்தான். முதல் வேலை காகிதம். நிலப் பட்டாவை, அதாவது நாம் கிராண்ட் என்று சொல்வதை, எடுத்துப் பாருங்கள். லாட் எண், பரப்பு, நிலப் பயன்பாட்டு நிபந்தனை மூன்றும் அதில் இருக்கும். பரப்பு ஹெக்டேரில் போட்டிருக்கும், ஊர் ஆட்கள் ரெலோங்கில் பேசுவார்கள், குத்தகையாளர் ஏக்கரில் விலை சொல்வார். 1 ரெலோங் என்பது ஏறக்குறைய 0.71 ஏக்கர், 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர். இந்தக் கணக்கைச் சரியாகப் போடாமல் ரெலோங்கையும் ஏக்கரையும் ஒன்றாக எண்ணிக்கொண்டவர்கள் கால்வாசிக்கு மேல் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள். பழைய கிராண்ட்டாக இருந்தால் நில அலுவலகத்தில் ஒரு தேடல் போட்டு இன்றைய நிலவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் இன்னும் இறந்தவர் பெயரிலேயே இருந்தால் முதலில் அந்த வாரிசு வேலையை முடிப்பது நல்லது. அண்ணன் தம்பிக்குள் கையெழுத்து ஆகாத நிலத்தில் மரம் வெட்டினால் சண்டை மரத்தோடு நிற்காது.

அடுத்தது அனுமதி. எனக்குத் தெரியாமல் போனது இதுதான், புதிதாக வரும் பலருக்கும் தெரியாமல் இருப்பதும் இதுதான். 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. மாநில அரசு மலை நிலம் என்று அறிவித்த இடத்தில், நில நிர்வாகியின் பெர்மிட் இல்லாமல் நிலத்தைத் துப்புரவு செய்யக்கூடாது. மரம் மட்டுமென்று நினைக்காதீர்கள், செடி, புதர், களை, புல் எல்லாமே அந்தச் சட்டத்தின் 6ஆம் பிரிவுக்குள் வந்துவிடும். சொந்த நிலம், பெயர் என்னுடையது என்ற பேச்சு அங்கே எடுபடாது. ஆகவே லாட் எண்ணை எடுத்துக்கொண்டு நேராக மாவட்ட நில அலுவலகத்துக்குப் போய், "இது மலை நிலமாக அறிவிக்கப்பட்டதா?" என்று கேளுங்கள். தீவின் மேற்குப் பக்கத்துக்கு அந்த அலுவலகம் பாலிக் புலாவிலேயே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேல், அல்லது 25 பாகைக்கு மேல் சரிவு என்றால் பினாங்கில் திட்டமிடல் அதிகாரிகள் வேறு கண்ணோடு பார்ப்பார்கள், அதையும் மனத்தில் வையுங்கள். 76 மீட்டர் என்பது பழைய கணக்கில் 250 அடி.

மரத்துக்குத் தனி விதி. 1976ஆம் ஆண்டு நகர்ப்புற, கிராமப்புறத் திட்டமிடல் சட்டத்தின்படி, சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேலுள்ள மரத்தை ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் சாய்க்கக்கூடாது. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். 80 சென்டிமீட்டர் சுற்றளவு என்றால் விட்டம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பெரிய மரம் என்று நாம் நினைக்கும் அளவே இல்லை அது. பட்டுப்போன மரம், விழப்போகும் ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதை நீங்களாக முடிவு செய்யாமல் மன்றத்தில் கேட்டுவிடுங்கள். மண்ணை வெட்டி மேடு பள்ளம் திருத்துவது, பாதை போடுவது, படி வெட்டுவது இவையெல்லாம் 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் மண் வேலை. அதற்கும் மன்றத்திடம் வரைபடம் கொடுத்து முன் ஒப்புதல் வாங்க வேண்டும். "சும்மா ஒரு ரோடு இழுத்துத் தர்றேன்" என்று எக்ஸ்கவேட்டர்காரர் சொல்லும்போது இது ஞாபகம் வரட்டும்.

எல்லைக் கல்லைக் கண்டுபிடியுங்கள்

வேலியும் வாழைவரிசையும் எல்லை ஆகாது. எல்லைக் கல்தான் எல்லை. காடு மண்டிய இடத்தில் கல்லைத் தேடுவது பெரிய வேலை. முதல் தடவை நான் இதைச் செய்யவில்லை. இரண்டாம் தடவை உரிமம் பெற்ற நில அளவையாளரை அழைத்தேன். அவருடைய பையன் ஒரு கையில் பாராங் கத்தி, ஒரு கையில் கருவியோடு ரெசாமுக்குள் நுழைந்து, ஓரிடத்தில் குந்தி, இலைக் குப்பையை விரலால் விலக்கி, மண்ணைக் கத்தி முனையால் சுரண்டினான். ஒரு விரல்கடை ஆழத்தில் கல். பாசி பிடித்து, எங்கள் வீட்டு அம்மிக்கல் மாதிரி. அப்பா நட்டதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த இரண்டு பெத்தாய் மரமும் கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றன. அன்றைக்கு அளக்காமல் இருந்தால் பக்கத்து நிலத்து மரத்துக்குக் கோடாலி போட்டிருப்பேன்.

கல்லைக் கண்டவுடன் அந்த இடத்தில் உயரமாக ஒரு குழாயோ மூங்கிலோ நட்டு, நுனியில் சிவப்புத் துணி கட்டுங்கள். இயந்திரம் வந்தால் முதலில் காணாமல் போவது எல்லைக் கல்தான். கல்லைப் பிடுங்குவதும் நகர்த்துவதும் சட்டப்படி குற்றம், அதையும் வேலையாட்களிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லையில் ஓடை இருந்தால் கரையோரம் பெரும்பாலும் ஆற்றுக் காப்பு நிலம். உங்கள் கிராண்ட்டில் அது இருக்காது. அதைத் தொடாதீர்கள். மேலே நீர்த்தேக்கமோ நீர்ப்பிடிப்பு வனமோ இருக்கும் பகுதி என்றால் இன்னும் கவனம்.

மழையில் ஒரு தடவை நடந்து பாருங்கள்

நான் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் அது இது: மலைச்சரிவில் எதை வெட்டுகிறோம் என்பதைவிட எதை விடுகிறோம் என்பதுதான் வேலை. அதைத் தீர்மானிக்க நீங்கள் நிலத்துக்குள் போக வேண்டும், அதுவும் மழை பெய்து விட்டவுடன். ரப்பர் பூட்ஸ், முழுக்கை, கூடவே ஒரு ஆள். தனியாகப் போகவேண்டாம்.

பார்க்க வேண்டியது தண்ணீர். எந்தப் பக்கத்திலிருந்து இறங்குகிறது, எங்கே சேர்கிறது, தெளிவாக வருகிறதா கலங்கி வருகிறதா. மழை நின்ற பிறகும் ஓரிடத்தில் மட்டும் மண்ணிலிருந்து கசிந்துகொண்டே இருந்தால் அது ஊற்று. அதைச் சுற்றி ஒரு புதரையும் அசைக்காதீர்கள். பிறகு மரங்களைப் பாருங்கள். ஒரே பக்கமாகச் சாய்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்து வளைந்திருந்தால் அந்தச் சரிவு மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கலாம். மேட்டின் விளிம்பில் பிறை வடிவில் நிலம் வெடித்திருந்தால் அது இன்னும் மோசமான அடையாளம். இந்த இரண்டில் ஒன்றைக் கண்டாலும் வேலையை நிறுத்திவிட்டு மண் சரிவு தெரிந்த பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். புல் வெட்டுகிறவருக்கும் உங்களுக்கும் புரிகிற விஷயம் இல்லை அது.

ரெசாமைப் பற்றி ஒரு வார்த்தை. பார்க்க அடர்காடு மாதிரி தெரியும், கால் வைக்க முடியாது, எல்லோருக்கும் அதை முதலில் ஒழிக்கத்தான் தோன்றும். ஆனால் வெறும் சிவப்பு மண்ணில் முதலில் வந்து, வேர்த்தண்டால் மண்ணைப் பின்னிப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான். செங்குத்தான இடத்தில் அதை அப்படியே விடுங்கள். மரத்தை மூடிய கொடி வேறு, அதை அறுக்கத்தான் வேண்டும், இல்லையென்றால் வெயில் படாமல் மரம் செத்துவிடும். லாலாங் மூன்றாவது வகை. மேலே வெட்டினாலும் எரித்தாலும் அடித்தண்டிலிருந்து திரும்ப வந்துவிடும். எரித்தால் இன்னும் ஜோராக வரும். நிழல் விழுந்தால்தான் அது அடங்கும்.

எதை விடுவது என்று தீர்மானித்ததும் ராஃபியா கயிறு எடுத்துக் கட்டுங்கள். மஞ்சள் என்றால் தொடக்கூடாது, சிவப்பு என்றால் வெட்டலாம். நான் மஞ்சள் மட்டும் கட்டினேன், அதுவே போதும். கயிறு இல்லாத எதையும் கேட்டுவிட்டு வெட்டு என்று சொல்லிவிட்டேன். ஜாதிக்காய்க் கன்றுகளுக்கு, கொடிக்குள் கையை விட்டுத் தடவித் தடவிக் கட்டினேன். இலையைக் கசக்கி முகர்ந்தால் வாசனை காட்டிக்கொடுத்துவிடும்.

எந்த மாதம்?

பினாங்கில் ஜனவரி, பிப்ரவரிதான் காய்ந்த மாதங்கள். அப்போது வெட்டி, ஏப்ரல் மழைக்கு முன்னால் மண்ணை மூடிவிட வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் சரிவைத் திறந்து போடுவது கூடவே கூடாது. 2017 அக்டோபர் 21இல் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தளத்தில் மண் சரிந்து 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். மறு வருஷம் அக்டோபர் 19இல் புக்கிட் குகுஸில் 9 பேர். அவை பெரிய கட்டுமான வேலைகள்தான், நம் தோட்ட வேலை அந்த அளவு இல்லை. ஆனால் மலையும் மண்ணும் அதே பினாங்கு மலை, அதே மண். அந்தப் பேர் தெரியாத பிள்ளைகளும் யாரோ ஒருவர் சொன்ன வேலையைச் செய்யத்தான் போனார்கள்.

டுரியான் மரம் உள்ள நிலம் என்றால் மே முதல் ஜூலை வரை பழம் விழும் காலம். அதற்குள் மரத்தடி சுத்தமாக இருந்தால்தான் வலை கட்ட முடியும். அந்தக் கணக்குக்கும் ஜனவரியே சரி.

ஆளைத் தேர்ந்தெடுப்பது

இந்த வேலைக்கு ஒரே வகை ஆள் என்று கிடையாது. முதுகில் மாட்டும் மெஷினோடு வரும் புல் வெட்டும் குழு, செயின்சா வைத்து மரம் சாய்க்கிறவர்கள், எக்ஸ்கவேட்டர் வைத்திருப்பவர், இப்படி மூன்று வகை. சமதரையில் எக்ஸ்கவேட்டர் பத்து ஆள் வேலையை ஒரு நாளில் முடித்துவிடும். சரிவில் அது புல்லோடு மேல்மண்ணையும் வேரையும் சேர்த்துத்தான் எடுக்கும், வேறு வழி அதற்குத் தெரியாது. ஆகவே சரிவான இடத்துக்கு ஆள் வேலைதான் என் பரிந்துரை. நாள் கூடும், கூலி கூடும். என் கீழ் நிலத்து வேலையால் பெரியவரின் தொட்டியைச் சுத்தம் செய்து, கால்வாய் தோண்டி, தடுப்புக் கட்டிய செலவைக் கூட்டினால் ஆள் வேலையே மலிவு.

எங்கே தேடுவது? அக்கம்பக்கத்து டுரியான் தோட்டக்காரர்களிடம் கேளுங்கள். வருஷா வருஷம் அவர்களுக்கு யார் வெட்டுகிறார்கள், அதே குழு திரும்ப வருகிறதா என்று விசாரியுங்கள். கோயில் திருவிழாவுக்கு மைதானம் வெட்டும் குழுக்களில் சிலர் மலை வேலையும் செய்வார்கள், ஆனால் அதை உறுதி செய்துகொள்ளுங்கள். குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள். கம்பெனிப் பதிவு உண்டா என்று எஸ்எஸ்எம் என்கிற நிறுவனப் பதிவு ஆணையத்தில் பார்த்துவிடலாம்.

படத்தைப் பார்த்து விலை சொல்கிறவரை விட்டுவிடுங்கள். நான் முதலில் பிடித்தது அப்படிப்பட்டவரைத்தான். நிலத்துக்கு வந்து, காரை விட்டு இறங்காமல் கைகாட்டி விலை சொல்கிறவரும் வேண்டாம். மேல் நிலத்துக்கு நான் கூப்பிட்ட மூவரில் ஒருவர்தான் உச்சி வரை ஏறினார். நிபோங் திபால் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த அண்ணன், வயது அறுபது இருக்கும். ஏறும்போது பேசவே இல்லை. பாராங் முனையை அங்கங்கே மண்ணில் குத்திக் குத்திப் பார்த்துக்கொண்டே போனார். கத்தி எவ்வளவு இறங்குகிறது, இழுக்கும்போது மண் ஒட்டுகிறதா உதிர்கிறதா என்று பார்த்தார். இரண்டு மணி நேரம் கழித்து இறங்கி வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "தங்கச்சி, தண்ணி எந்தப் பக்கம் இறங்கும்?"

நான் காட்டினேன்.

"அப்ப அந்தப் பக்கம் நிரை போட வேணாம். குறுக்காலதான் வெட்டணும். கீழ யாரு இருக்கா?"

கீழே யார் இருக்கிறார் என்று கேட்டாரே, அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவர் சொன்ன விலை மூன்றில் நடுவிலானது. நீங்கள் ஆளைச் சோதிக்க வேறு கேள்வி தேவையில்லை. அவர் உங்களிடம் என்ன கேட்கிறார் என்று பாருங்கள். எதை விட வேண்டும், தண்ணீர் எங்கே போகிறது, வெட்டியதை எங்கே போடுவது, பெர்மிட் இருக்கிறதா. இவை எதையும் கேட்காதவர் காசை மட்டும்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

காகிதத்தில் எழுதுங்கள்

சொந்தக்காரராக இருந்தாலும் எழுதுங்கள். வாட்சப் செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுத்தில் இருக்கட்டும். எத்தனை ஏக்கர், எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை, எவ்வளவு உயரத்தில் வெட்டுவது. "சுத்தம் செய்து தரப்படும்" என்று மட்டும் எழுதினால் அது ஆளுக்கு ஆள் மாறும். நான் எழுதியது: தரையிலிருந்து ஒரு கை அளவு விட்டு வெட்ட வேண்டும், வேரோடு பிடுங்கக்கூடாது, மஞ்சள் கயிறு கட்டிய மரம் சேதப்பட்டால் இவ்வளவு கழிக்கப்படும். அடிக்கட்டையும் வேரும் மண்ணிலேயே இருக்கட்டும், அழுகி முடிய வருஷங்கள் ஆகும், அதற்குள் புது வேர் இறங்கிவிடும்.

வெட்டியது எங்கே போகும் என்பதையும் எழுதுங்கள். இங்கேதான் "கொளுத்திடலாம்" என்ற பேச்சு வரும். கூடாது. திறந்தவெளியில் எரிப்பது 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம், 2024ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அபராதம் 10 லட்சம் ரிங்கிட் வரை போகலாம், சிறையும் உண்டு. ஓடையில் தள்ளுவதும் கூடாது. மழைக்கு அது அணை மாதிரி அடைத்து, ஒரு நாள் உடைத்துக்கொண்டு வரும்.

மருந்து அடிக்கும் பேச்சும் வரும். பாராகுவாட் என்கிற களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் இந்நாட்டில் தடை, பழைய சரக்கு வைத்திருக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். ஒரு மடக்கு உள்ளே போனாலே உயிரை எடுக்கும் விஷம் அது. அனுமதிக்கப்பட்ட மருந்தானாலும் சரிவு முழுக்க அடித்தால் எல்லாம் ஒரே நேரத்தில் கருகி மண் வெறுமையாகிவிடும். சமதரையில் உள்ள லாலாங்குக்கு மட்டும், ஓடைக்குத் தள்ளி, மழை வராத காலையில் அடிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆட்களுக்கு சொக்சோ, அதாவது தொழிலாளர் விபத்துக் காப்பீடு, இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 முதல் அதில் சேர்க்கப்பட வேண்டியவர்கள்தான். பெர்மிட் இல்லாத பிள்ளைகளைக் குறைந்த கூலிக்குக் கூட்டி வருகிறவர்கள் உண்டு. செயின்சா நழுவிக் காலில் பட்டால் அந்தப் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகவே பயப்படுவார்கள். நம் பாட்டன்மார் இந்த மலைகளில் அப்படித்தான் காடு வெட்டினார்கள், விழுந்தவர்களை எழுதி வைத்த கணக்குக்கூடப் பல இடங்களில் இல்லை. நம் நிலத்தில் அது நடக்கக்கூடாது.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள். தொடங்கும்போது கொஞ்சம், பாதியில் கொஞ்சம். கடைசிப் பங்கை முதல் பெரிய மழைக்குப் பிறகு நிலத்தைப் பார்த்துவிட்டுத் தருவதாக முதலிலேயே பேசிவிடுங்கள். நல்ல குழு இதற்கு ஒப்புக்கொள்ளும்.

வேலை நடக்கும் நாட்கள்

முதல் நாள் போய் நில்லுங்கள். முதல் நாள் வெட்டும் பாதைதான் மற்ற நாட்களைத் தீர்மானிக்கும். பாதை நேராக மேலே ஏறக்கூடாது. நேராக வெட்டிய பாதை மழைக்கு வாய்க்காலாகிவிடும். வளைந்து, குறுக்காக ஏற வேண்டும்.

ஒருவருக்கு நேர் கீழே இன்னொருவர் நிற்கக்கூடாது. கட்டையோ கல்லோ உருண்டால் தடுக்க எதுவும் இல்லை. மெஷின் சுழலும் இடத்திலிருந்து 15 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், மரம் சாய்க்கும்போது அந்த மரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம். மின்கம்பிக்குப் பக்கத்தில் மரம் இருந்தால் மின் நிறுவனமான டிஎன்பியைக் கூப்பிடாமல் தொட விடாதீர்கள்.

அண்ணனின் குழு நுழையுமுன் ஒரு நீளக் கம்பால் புதரைத் தட்டிக்கொண்டே, கண் உயரத்தில் உள்ள கிளைகளைப் பார்த்துக்கொண்டே போனது. பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயிலில் பார்க்கிறோமே, அந்த விரியன் தரையில் இருக்காது, கிளையில் அசையாமல் சுருண்டிருக்கும். குளவிக் கூட்டைக் கண்டால் வேலை நிற்க வேண்டும். புகை போட்டு விரட்டுகிறேன் என்று யாராவது முன்வந்தால் தடுத்துவிடுங்கள். பொம்பாவையோ (தீயணைப்புத் துறை) பொதுத் தற்காப்புப் படையையோ அழைத்தால் வந்து எடுப்பார்கள், எண் 999. பாம்பையும் அப்படியே. கொல்ல வேண்டாம்.

வேலை முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், டாக்டரிடம் "காட்டில் வேலை செய்தேன்" என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். எலிக் காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் சாதாரணச் சளிக்காய்ச்சல் மாதிரிதான் தொடங்கும்.

வெட்டிய பிறகு

வெட்டிப் போட்ட கிளைகளைச் சரிவுக்குக் குறுக்கே வரப்பு மாதிரி அடுக்கச் சொல்லுங்கள். தடித்த கட்டை கீழே, சின்னக் கிளை மேலே, உருளாமல் முளைக்குச்சி அடித்து. மண் அதில் வந்து தங்கும், ஒரு வருஷத்தில் அதுவே எருவாகிவிடும். எங்கள் மேல் நிலத்தில் அப்படி ஐந்து வரப்பு போட்டோம். முதல் மழைக்கு மறுநாள் போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு வரப்புக்குப் பின்னாலும் நான்கு விரல் உயரத்துக்குச் சிவப்பு மண் படிந்திருந்தது. அத்தனையும் அந்தப் பெரியவரின் தொட்டிக்குப் போக இருந்த மண்.

வரப்புக்கு மேல் வரிசையாக வெட்டிவேர் நடலாம். ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளியில், சரிவுக்குக் குறுக்காக. வேர் நேராகக் கீழே மீட்டர் கணக்கில் இறங்கும், பக்கத்து மரத்தோடு போட்டி போடாது. வெறுமையாகத் தெரியும் இடங்களில் மூடுபயிராக அவரை இனக் கொடிகளைத் தூவலாம். ரப்பர்த் தோட்டங்களில் இளமரங்களுக்கு இடையே இதைத்தான் செய்தார்கள். அது கன்றுகள் மேல் ஏறாமல் அடிக்கடி அறுத்துவிட வேண்டும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் லாலாங்கும் கொடியும் திரும்பத் தலைகாட்டும். இரண்டாம் வெட்டையும் அதே குழுவிடம் முதலிலேயே பேசி, ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். அந்த வெட்டு தவறினால் முதல் வெட்டுக்குக் கொடுத்த காசு வீண். பிறகு வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை போதும், அதைக் கையாலேயே சமாளிக்கலாம்.

கடைசியாக, மரங்களில் கட்டிய மஞ்சள் கயிறுகளை ஒன்றுவிடாமல் எண்ணி அவிழ்த்துவிடுங்கள். ராஃபியா பிளாஸ்டிக், மக்காது. மரம் பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் இறங்கி அறுத்துவிடும். நான் 43 கட்டினேன், 42தான் அவிழ்த்தேன். மீதி ஒன்றைத் தேடி அடுத்த ஞாயிறு திரும்பப் போனேன். உச்சியில், ரெசாம் ஓரத்தில், இடுப்பளவு ஜாதிக்காய்க் கன்று.